அதே மருந்து, வேற கம்பெனி

விசையை இழுத்தேன்.
டக்.
அவ்வளவுதான்.

"அப்படியே இருங்கம்மா, குழல அசைக்காதீங்க"
என்றார் மைதீன் பிச்சை.
வாய் மண்மேட்டைப் பார்த்தபடி
முப்பது எண்ண வேண்டும்.
பிந்தி வெடிக்கிற தோட்டாவும் உண்டு.
அடுத்த பாயில் படுத்திருந்த கோயில்பிச்சை
தன் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டு
உதட்டால் மட்டும் எனக்காக எண்ணத் தொடங்கினான்.

ஒன்று. இரண்டு.
ரெட்டியார்பட்டிப் பாறைமேல் வெயில்
பத்து மணிக்கே உட்கார்ந்துவிட்டது.
முழங்கைக்குக் கீழே பாய்,
பத்தமடை இல்லை, பிளாஸ்டிக்,
சுட்டது.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
பதினெட்டு வருஷமாய் மாத்திரை எண்ணுகிறவள் நான்.
எண்ணிக்கை எனக்குப் புதிதில்லை.
ராத்திரி வீட்டில், விசிறியை நிறுத்திவிட்டு,
வேறொரு மருந்து நிறுக்கிறேன்.
ரெண்டுக்கும் தமிழில் ஒரே பெயர்,
லைசென்ஸ்தான் வேறு வேறு.

ஒன்பது.
மதுரைக் கடைக்காரர் சொன்னார்:
"நீங்க கேக்குற பிரைமர் வரத்து இல்ல மேடம்.
இது அதே சைஸ். இன்னும் கெட்டி. நம்பி எடுங்க."
உளுந்தம்பருப்பு அளவில் ஒரு கிண்ணம்,
அதற்குள் ஒரு சிட்டிகைக் கோபம்.
கூட்டின் அடியில் வைத்து அழுத்தினேன்,
பழையது போலவே உட்கார்ந்தது.
கட்டைவிரலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பிரைமர் மாறினால்
மருந்தைக் குறைத்துக் கீழிருந்து ஏற வேண்டும்.
குறைத்தேன்.
டோஸ் விஷயத்தில் என்னை யாரும் குறைசொல்ல முடியாது.
யோசிக்காமல் விட்டது
அந்தக் கிண்ணத்தின் தோலை.
மாஞ்சோலையில் மேனேஜராக இருந்தவரிடம் வாங்கிய
பழைய மூன்று-பதினைந்து இது.
உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குக்கு
என்னைவிட வயது அதிகம்.

பதினேழு. கோயில்பிச்சை கண்ணில் வியர்வை,
துடைக்கவில்லை, எண்ணிக்கை விட்டுப்போகுமென்று.

பதினெட்டில் ஏனோ
முன்னீர்பள்ளத்து உச்சிமாகாளி வந்து நின்றார்.
பிரஷர் மாத்திரை.
"இந்த வெள்ள அட்ட எனக்குக் கேக்க மாட்டேங்கும்மா,
பழைய பச்ச அட்ட குடுங்க."
"அதே மருந்துதான் ஐயா, கம்பெனி வேற."
நிமிர்ந்து பார்த்துச் சொன்னேனா என்று நினைவில்லை.
பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.
ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வேன் அதை!
சொன்னது பொய்யுமில்லை.

முப்பது.
பின்னும் ஐந்து எண்ணினான் கோயில்பிச்சை,
கறிவேப்பிலைக் கொசுறு மாதிரி.

போல்ட்டைத் திறந்து எடுத்தோம்.
பிரைமர் நெற்றியில் ஒரு சின்னப் பள்ளம்,
ஊசி போட வந்த நர்ஸ்
பாதியில் மனசு மாறின மாதிரி.
மைதீன் பிச்சை கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.
"கேப்பு கெட்டி. ஒங்க ஸ்பிரிங்கு கெழடு.
தனித்தனியா ரெண்டும் நல்லதுதான்,
யாரு மேலயும் குத்தமில்ல"
என்று அதைத் தகர டப்பாவில் ஓரமாக வைத்தார்.

இருபதில் நாலு டக்.
நாலுக்கும் முப்பது முப்பதாய் எண்ணினோம்.
சுவர்க்கடிகாரம் கோயில்பிச்சைக்குப் போனது.
"ஒங்க வீட்டுலதான் ஏற்கெனவே மூணு இருக்கே" என்றான்,
ஆறுதலாம்.

மிச்சப் பிரைமர் பெட்டியில்
ஆஸ்பத்திரி லேபிளை ஒட்டி எழுதினேன்:
நல்ல பொருள். இந்தத் துப்பாக்கிக்கு ஒத்துக்கொள்ளாது.
மதுரைக்கு மறுபடி போன் போட வேண்டும்.
மெலிசு எப்போ வரும் என்று கேட்க வேண்டும்.
ஸ்பிரிங்கையும் மாற்றலாம்தான்,
அதற்கு ஆள் தேட வேண்டும்.

திங்கட்கிழமை.
சீட்டோடு உச்சிமாகாளி நின்றார்,
வெள்ளை அட்டைக்குக் கையை நீட்டியபடி.
இப்போதெல்லாம் அவர் கேட்பதில்லை.
"சாப்ட்ட பெறகு என்ன செய்யுது ஐயா?" என்றேன்.
யாரைக் கேட்கிறேன் என்று
ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.
"கிறுகிறுன்னு வருதும்மா."
"காலையிலயா, ராத்திரியிலயா?"
வரிசை முணுமுணுத்தது.
இருக்கட்டும்.